முதல் மேசைக்கு நேரே ஒரு பூஜ்யம்

ஆறு வேலை நாட்களின் கணக்கை அச்செடுத்தேன். முதல் மேசைக்கு நேரே பூஜ்யம். இரண்டாம் மேசைக்கு நேரே இந்த ஆலையில் எவரும் இதுவரை எட்டாத ஓர் எண். தாள் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. எடுத்த கையோடு அடியில் கையெழுத்துப் போட்டேன். நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், முப்பது அடி தூரத்தில், முதல் மேசையில் அவள் நின்று வேலை செய்துகொண்டிருப்பது தெரிந்திருக்கும். பூஜ்யம் அங்கே நின்று வியர்த்துக்கொண்டிருந்தது. நான் தாளைத்தான் பார்த்தேன்.

ஒரகடம் சாலையில், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் திருப்பத்துக்கு உள்ளே, பிரேக் உறுப்பு செய்யும் ஆலை எங்களுடையது. உள்ளங்கையில் அடங்கும் ஓர் அலுமினியத் துண்டு. அதற்குள் காற்றை ஏற்றி, எங்காவது கசிகிறதா என்று சோதிக்க இரண்டு மேசைகள். பீஸை வைக்க வேண்டும், மூட வேண்டும், நாற்பது நொடி காத்திருக்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் நல்லது, சிவப்பு எரிந்தால் கழிவு. ஒவ்வொரு முடிவும் அந்த நொடியே கணினிக்குப் போகும். போகிற முடிவு எந்தப் பெயரில், எந்தப் பெட்டியில் போய் உட்கார வேண்டும் என்கிற வரைபடத்துக்கு ஸ்கீமா என்று பெயர். அந்த வரைபடத்தை ஒரு புரோகிராம் தானாகவே எழுதிக்கொள்ளும். அந்தப் புரோகிராமை ஓட்டுவது நான்.

முதல் மேசையில் நின்றவள் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். பயிற்சிக்காரியாக இரண்டு வருடத்தை முடித்துவிட்டாள். அந்த மாதக் கடைசியில் நிரந்தர வேலைக் கடிதம் வர வேண்டும். அவள் தங்கியிருந்த விடுதிப் படுக்கையும் வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் படுக்கையும் போகும்.

அவளுடைய பூஜ்யத்துக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் எங்களுக்குத் தெரிந்தது. சோதிக்காமலே பீஸைத் தட்டில் அடுக்கித் தள்ளிவிட்டாள். பிரேக்கில் போய் உட்காரும் பீஸ்.

தர மேலாளர் தாளை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். பாவம், அவர் கேட்கத்தான் செய்தார்.

"மேடம், இது சிஸ்டம் மிஸ்டேக்கா இருக்குமா?"

"இருக்காது சார். ரெண்டு மேசைக்கும் ஒரே புரோகிராம்தான். ஒண்ணு சரியா இருந்தா இன்னொண்ணும் சரியாத்தான் இருக்கும்."

அந்த வாக்கியத்தை என் வாய்தான் சொன்னது. இப்போதும் சில சமயம் பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போது அது காதில் ஒலித்து உடம்பு ஒரு தரம் உதறிப்போகிறது. பக்கத்து இருக்கைக்காரி திரும்பிப் பார்ப்பாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஷிப்ட் தொடங்குமுன் எல்லோரும் வரிசையாக நின்று பாதுகாப்பு உறுதிமொழி சொல்லும் ஐந்து நிமிடக் கூட்டம். உறுதிமொழி முடிந்ததும் மேலாளர் அவளை முன்னால் வரச் சொன்னார்.

"ஆறு நாளா என்னம்மா பண்ணின?"

"டெஸ்ட் போட்டேன் சார்."

"எங்க போட்ட? கம்ப்யூட்டர்ல ஒண்ணுகூட இல்லையே."

"பச்ச லைட்டு எரிஞ்ச பொறவுதான் சார் எடுத்தேன். ஒவ்வொண்ணும்."

"பச்ச லைட்டு எரிஞ்சுதாம்பா" என்று பின்வரிசையில் ஒரு குரல். "செல்லு லைட்டா இருக்கும்" என்று இன்னொன்று. சிரிப்பு. செல்போனை எல்லோரும் லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறோம், இது சிரித்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆனாலும் சிரித்தார்கள்.

விசாரணை முடியும்வரை லைனுக்கு வரக்கூடாது, ஞாயிறு சாயங்காலத்துக்குள் விடுதியைக் காலி செய்ய வேண்டும் என்றார்கள். அவள் தலைத்தொப்பியைக் கழற்றி, நான்காக மடித்து, மேசை ஓரத்தில் வைத்துவிட்டு நடந்தாள். அவள் கதவைத் தாண்டுமுன்பே இரண்டாம் மேசைக்காரப் பெண்மணியைக் கூப்பிட்டு, ஆறு நாள் சாதனைக்காக ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இரண்டாம் மேசைப் பெண்மணிக்கு என் வயது இருக்கும். பிள்ளைப்பாக்கத்துக்காரர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்த ஹாட்பாக்ஸை அக்குளில் இடுக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மேடம், ஒரு பீஸு உள்ள போயி வெளிய வர எவ்ளோ நேரம் ஆவும்?"

"நாப்பது செகண்டு."

"அப்ப நீங்க எழுதிகினு வந்த கணக்க நான் எப்டி போட்டிருப்பேன்? எனுக்கு இன்னா எட்டு கையா கீது?"

"ஓவர்டைம் பாத்திருப்பீங்கன்னு…"

"இன்னா ஓவர்டைமு? ஆறு நாளும் ஷிப்ட்டு வுட்டதும் மொத பஸ்ஸப் புடிச்சி வூட்டுக்குப் பூட்டேன். மாட்டுக்கு யாரு தண்ணி காட்டறது, உங்க கம்ப்யூட்டரா?"

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பொண்ணு என் பக்கத்துலதான் மேடம் நின்னுகினு போட்டுச்சு. நாள் பூரா. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"அத ஏன் காலைல கூட்டத்துல சொல்லல?"

"நீங்க கம்ப்யூட்டர்ல பாத்து, கையெழுத்துப் போட்டு எடுத்துகினு வந்து நிக்கிறீங்க. நான் கண்ணால பாத்தேன்னு சொன்னா எவன் கேப்பான்? கை வேற தட்றீங்கோ. எனுக்கு மண்டையே ஓடல." ஹாட்பாக்ஸை என் விசைப்பலகைமேல் வைத்தார். "இத்த நீங்களே வச்சிக்கோங்க. இதுல சோறு வச்சா எறங்காது."

அவர் போனபின் ஹாட்பாக்ஸை நகர்த்திவிட்டு இரண்டாம் மேசையின் பெட்டியைத் திறந்தேன். மொத்தக் கணக்கை அல்ல, ஒவ்வொரு வரியாக, நேரத்தோடு. ஒரு பீஸ் முடிந்த மூன்றாம் நொடியில் இன்னொரு பீஸ் முடிந்திருந்தது. பிறகு நாற்பது நொடி இடைவெளி. மறுபடி இரண்டு, அடுத்தடுத்து. மழையில் மாட்டியவர்கள் ஒரே குடைக்குள் நடப்பதுபோல ஆறு நாள் முழுக்க ஜோடி ஜோடியாக. ஒருத்தியால் முடியாது. எந்த ஒருத்தியாலும் முடியாது. இரண்டு பேருடைய உழைப்பு ஒரே பெட்டிக்குள் கிடந்தது.

அந்த வரைபடத்தை நான் எதில் உருவாக்கினேன் என்பது அந்த நொடியில்தான் நினைவுக்கு வந்தது.

அன்றைக்கு ஆயுத பூஜை. வாயிலில் வாழைக்கன்று, தரையெல்லாம் பொரி, பூசணிக்காய்ச் சிதறலில் குங்குமச் சிவப்பு, நிறுத்திவைத்த பேருந்துகளின் நெற்றியில் மாலை. எந்திரம் எந்திரமாகச் சந்தனம் வைத்துக்கொண்டு வந்தவர்கள் என் சர்வர் அலமாரியின் கதவிலும் மூன்று பட்டை இழுத்து, பொட்டு வைத்து, சூடம் காட்டினார்கள். பூஜை போட்டதை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. அது எழுதாத விதி. எங்கள் ஆலையில் எழுதிய விதியை மீறியவர்கள் உண்டு, இதை மீறியவர் இல்லை. ஆனால் விஜயதசமி காலை நல்ல நேரத்தில் புது மாடல் பீஸை லைனில் விட்டாக வேண்டும். அதற்குப் புது வரைபடம் வேண்டும். என்ன செய்யலாம் என்று யோசித்தபோது என் பையைப் பார்த்தேன். உள்ளே லேப்டாப் கிடந்தது. அதற்குப் பொட்டு வைக்க மறந்துவிட்டிருந்தேன். பூஜையில் வைக்காத கருவி. தொட்டால் தோஷம் இல்லை. ஒரு கை பொரியை மென்றுகொண்டே அதில் புரோகிராமை ஓட்டி, வந்த வரைபடத்தைத் தயாராக வைத்தேன். காலையில் சர்வரை எழுப்பியதும் முதல் வேலையாக அதை ஏற்றினேன். பத்து நிமிட வேலை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இப்போது அந்த வரைபடத்தைத் திறந்தேன். வரிசையாகப் பெயர்கள். சர்வரில் ஓட்டினால் 'மேசை ஒன்று ரிசல்ட்', 'மேசை இரண்டு ரிசல்ட்' என்று இரண்டு வந்திருக்கும். இங்கே வெறும் 'ரிசல்ட்'. ஒன்றே ஒன்று.

காரணம் சிரிக்கிற அளவுக்குச் சின்னது. ஒரு பெட்டிக்குப் பெயர் வைக்க அந்தப் புரோகிராம், கோப்பு இருக்கும் இடத்தின் முகவரியைப் படிக்கிறது. ஒவ்வொரு மேசைக்கும் ஒரு ஃபோல்டர்; முகவரியில் ஒரு ஃபோல்டரின் பெயரையும் அடுத்த பெயரையும் பிரிப்பது ஒரு சாய்கோடு. சர்வரில் அது ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், என் லேப்டாப்பில் மறுபக்கம். புரோகிராமை எழுதியவருக்கு ஒரு சாய்வுதான் தெரியும். மறுபக்கம் சாய்ந்த கோட்டைப் பார்த்ததும் அது குழம்பவில்லை, நிற்கவில்லை, சிவப்பாக ஒரு வரிகூடக் கத்தவில்லை. மேசையின் பெயரை அப்படியே விழுங்கிவிட்டுக் கடைசிச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டது. ஒரே பெயரில் இரண்டு பெட்டி இருக்க முடியாது. பின்னால் வந்தது முன்னால் வந்ததன்மேல் ஏறி உட்கார்ந்தது. பின்னால் வந்தது இரண்டாம் மேசை. அதன்பின் அவள் சோதித்த ஒவ்வொன்றும் பக்கத்தில் நின்றவரின் பேரில் விழுந்திருக்கிறது. ஆறு நாள். பச்சை விளக்கு எரிய எரிய.

எழுந்து தண்ணீர் குடித்தேன்.

மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"நீங்க சொல்றது புரியுது மேடம். ரெண்டும் கலந்துடுச்சு. ஆனா கலந்ததுல எது அவ போட்டது? அவ பாதிதான் போட்டிருந்தா? பிரேக் பீஸ் இது. நான் வெறும் வார்த்தைய வச்சு எப்படி விட முடியும்?"

அவர் கேட்டதில் தப்பில்லை. பெட்டிக்குள் மேசையின் பெயர் எந்த வரியிலும் இல்லை. அதைத்தான் என் வரைபடம் விழுங்கிவிட்டதே. அப்போது அவரே சட்டென்று நிமிர்ந்தார்.

"ரெட் கேஜ்!"

சந்தேகப்பட்ட சரக்கைப் பூட்டிவைக்கும் சிவப்புக் கம்பிக் கூண்டு. குற்றம் சாட்டிய உடனே, இன்னும் கிடங்கை விட்டுப் போகாத சரக்கில் அவள் கைப்பட்ட தட்டுகளை மட்டும், மேசையும் எண்ணிக்கையும் எழுதிச் செருகிய அட்டையைப் பார்த்துப் பிரித்து அதற்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். அவளை நம்பாததால், அவளுடைய பீஸ்கள் மட்டும் தனியாக, ஒன்றும் கலையாமல் அங்கே காத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பீஸிலும் அதன் எண் பொறித்திருக்கிறது. அந்த எண் கணினியில் இருந்தால் அவள் சோதித்தாள். இல்லாவிட்டால் இல்லை.

இரண்டு மேசை அட்டைகளையும் நேற்றே கூட்டி என் தாளோடு வைத்துப் பார்த்திருந்தால் போதும், தொகை இரண்டாம் மேசையின் எண்ணோடு ஒத்திருக்கும். அட்டை கிடங்கில் இருந்தது, தாள் அலுவலகத்தில் இருந்தது. நடுவில் நடக்க எங்களில் ஒருவருக்கும் கால் இல்லை.

சனிக்கிழமை காலை கூண்டுக்குள் நின்றோம். நான், மேலாளர், தானாகவே வந்து கையுறை மாட்டிக்கொண்ட பிள்ளைப்பாக்கத்துக்காரர். அவர் பீஸை எடுத்து நீட்ட, நான் ஸ்கேனரைக் காட்ட, மேலாளர் திரையைப் பார்த்துச் சொன்னார். "இருக்கு. இருக்கு. இருக்கு." பத்தாவது தட்டில் ஒன்றுக்கு ஸ்கேனர் சத்தமே போடவில்லை. பிள்ளைப்பாக்கத்துக்காரர் பீஸைத் தன் மேல்கோட்டு நுனியில் துடைத்தார். "எண்ண ஒட்டிகினு கீது. இப்ப காட்டுங்க." சத்தம் வந்தது. "இருக்கு" என்றார் மேலாளர்.

எல்லாமே இருந்தன. சிவப்பு விளக்கு எரிந்து அவளாகவே கழிவுத் தொட்டியில் போட்ட பதினோரு பீஸும் கூட, கழிவு என்ற குறிப்போடு இருந்தன. ஏமாற்றுகிறவள் கழிவை எதற்குக் காட்டிக்கொடுக்கிறாள்?

"சிஸ்டம் இஷ்யூன்னு எல்லாருக்கும் ஒரு மெயில் போட்டுடறேன்" என்றார் மேலாளர். "உங்க பேர் வேணாம்."

நான் ஷேர் ஆட்டோ பிடித்து ஸ்ரீபெரும்புதூர் போனேன். விடுதியில் எட்டுப் படுக்கை உள்ள அறை. இரவு ஷிப்ட் முடித்தவர்கள் முகத்தில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு தூங்கினார்கள். அவள் படுக்கையில் விரிப்பு இல்லை. ஒரு பையும் ஒரு வாளியும் வாசலில் தயாராக இருந்தன. மாடிப்படியில் உட்கார்ந்து பேசினோம், கிசுகிசுப்பாக.

"உன் பீஸ் எல்லாம் இருக்கு. ஒண்ணு விடாம."

"எனக்குத் தெரியும்லா" என்றாள்.

"தப்பு என்னோடது. என் லேப்டாப்புல ஓட்டினேன். அதுல பேர் மாறி, நீ போட்டதெல்லாம் பக்கத்து மேசைக் கணக்குல விழுந்துடுச்சு."

அவள் என்னையே பார்த்தாள்.

"வேணும்னா செஞ்சிய?"

"இல்ல."

"சரி. தெரியாம செஞ்சிட்டிய." வாளியின் கைப்பிடியைத் தூக்கித் தூக்கி விட்டாள். "எங்கம்மைட்ட லீவுன்னு சொல்லிருக்கேன். பையத் தூக்கிட்டு நாளைக்குப் போயி எறங்குனா, இவ என்னத்தச் செஞ்சிட்டு வந்திருக்கான்னுதான தெருவுல கேப்பாவ?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"மேடம், ரெண்டு வருசமா கண்ணாடிக்கு அங்கிட்டு இருந்து எங்களப் பாத்துட்டுத்தான இருக்கிய. நா சும்மா நிக்கத என்னைக்காவது பாத்தியளா?"

"இல்ல."

"பொறவு எப்பிடிக் கையெழுத்துப் போட்டிய?"

கீழே தெருவில் தொழிற்சாலைப் பேருந்து ஒன்று ஒலியெழுப்பியபடி போனது. நான் செய்த பிழை சாய்கோட்டில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு படியேறி வந்திருந்தேன். அவள் வேறோர் இடத்தில் விரல் வைத்தாள். கண்ணுக்கு முன்னால் நின்றவளை விட்டுவிட்டுப் பூஜ்யத்தை நம்பியது எந்தப் புரோகிராம்? திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னேன்.

"வாரேன்" என்றாள் கடைசியில். "ஆனா கூட்டத்துல வச்சுச் சொல்லணும். மெயிலு நம்ம லைன்ல யாருக்கு வருது? என்னய எங்க நிக்க வச்சாவளோ, அங்கன வச்சுச் சொல்லுங்க."

திங்கட்கிழமை உறுதிமொழி முடிந்ததும் மேலாளர் தொண்டையைச் செருமி, "சிஸ்டத்துல ஒரு சின்ன இஷ்யூ…" என்று ஆரம்பித்தார். நான் வரிசையிலிருந்து முன்னால் போனேன். அவள் வெள்ளிக்கிழமை நின்ற மஞ்சள் கோட்டில் நின்றேன். அங்கே நின்றால் நூறு முகமும் ஒன்றாக உங்கள்மேல் விழுகிறது. அது எனக்கு அதுவரை தெரியாது.

"சிஸ்டம் இல்ல. நான். பூஜை அன்னைக்கு என் லேப்டாப்புல ஓட்டினேன், சரியா வந்திருக்கான்னு பாக்கல. முதல் மேசைல போட்டதெல்லாம் ரெண்டாம் மேசைக் கணக்குல போயிடுச்சு. அவங்க போட்டது அத்தனையும் இருக்கு. நான் பாக்காம கையெழுத்துப் போட்டேன்."

பின்வரிசையிலிருந்து அதே குரல்: "அப்ப ஹாட்பாக்ஸு யாருக்கு?"

"எனுக்கு வாணாம்டா சாமி" என்றார் பிள்ளைப்பாக்கத்துக்காரர். "நீ எடுத்துகினு போயி செல்லு லைட்டு வச்சிக்கோ."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. மணி அடித்தது. அவள் சிரிக்கவில்லை. புதுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, முதல் மேசைக்குப் போய், முதல் பீஸை எடுத்து வைத்தாள்.

மாதக் கடைசியில் அவளுக்கு நிரந்தர வேலைக் கடிதம் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை அவளுடைய கோப்பில் சேர்த்த எச்சரிக்கைக் கடிதத்தைக் கிழிக்கச் சொல்லி அலுவலகத்தில் போய் நின்றேன். கிழிக்க வழியில்லை, வேண்டுமானால் விளக்கத் தாள் ஒன்றைச் சேர்த்துக் குத்தலாம் என்றார்கள். குத்தினேன். இரண்டு தாளும் ஒரே ஊசியில் இருக்கின்றன.

இப்போது அவள் மேல்கோட்டுப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறாள். பச்சை விளக்கு ஒவ்வொரு தடவை எரியும்போதும் ஒரு கோடு. நான்கு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது. அவளைப் பார்த்து லைனில் இன்னும் ஏழெட்டுப் பேர் நோட்டு வாங்கிவிட்டார்கள். "இது எதுக்கு மேடம், நம்ம சிஸ்டத்த இவங்க நம்பலயா?" என்று மேலாளர் என்னிடம் வருத்தப்பட்டார். வருத்தப்படட்டும்.

ஷிப்ட் விட்டதும் என் அறை வாசலுக்கு வருவாள். உள்ளே வரமாட்டாள்.

"இன்னைக்கு எத்தன மேடம்?"

திரையைப் பார்த்துச் சொல்வேன். அவள் நோட்டில் விரல் வைத்துக் கோடுகளை எண்ணுவாள், உதடு அசையும். எண்ணி முடிக்கும்வரை நான் திரையை அணைப்பதில்லை. ஒரு நாள் திரையில் இரண்டு குறைந்தது. எழுந்து மேசைவரை போய், அவளோடு நின்று, வரி வரியாகத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தேன்; அவள் இரண்டு பீஸுக்குத் தலா இரண்டு கோடு போட்டிருந்தாள். அடித்துவிட்டு, பக்கத்தைப் புரட்டிக்கொண்டு, "சரி" என்றாள்.

மற்ற நாட்களிலும் அந்த ஒரு சொல்தான். அதைச் சொல்லிவிட்டு அவள் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறாள்.